செஞ்சியில் இருந்து சிங்கப்பூருக்கு ஒரு வீடியோ கால்... நடுக்கடலில் என்ன நடக்குது?

செஞ்சி ராஜகிரி மலை உச்சி. சுமார் 800 அடி உயரம். மூச்சு வாங்க ஏறி முடித்ததும் நம்ம ஆட்கள் முதலில் தேடுவது தண்ணீர் பாட்டிலை. அடுத்து செல்போனை. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அண்ணனுக்கு ஒரு வீடியோ கால். "இங்க பாரு, எங்க நிக்கிறேன்னு!"

அந்த முனையில் அண்ணன் சிரிப்பதும், "பாத்து இறங்குடா, விளிம்புல நிக்காத" என்று திட்டுவதும் அடுத்த நொடியே இங்கே தெரிகிறது.

இந்த வீடியோ எப்படி சிங்கப்பூர் போச்சுன்னு கேட்டால் பெரும்பாலானவர்கள் கையை மேலே தூக்கி வானத்தைக் காட்டுவார்கள். சாட்டிலைட்! ஆனால் உண்மை அதற்கு நேர் எதிரானது. அது போனது கடலுக்கு அடியில். நாடு விட்டு நாடு போகும் இணையத் தகவல்களில் 95 சதவீதத்துக்கும் மேல் கடலடி கேபிள்கள் வழியாகத்தான் போகின்றன. வாட்ஸ்அப் கால், வங்கிப் பணப் பரிமாற்றம், யூடியூப், ஐ.டி. கம்பெனி வேலை எல்லாமே இதில் அடக்கம்.

அந்தக் கேபிள் ஆழ்கடலில் எவ்வளவு தடிமன் தெரியுமா? தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ஹோஸ் பைப் அளவுதான்.

அது அறுந்தால்? அறுந்திருக்கிறது, பலமுறை. அறுந்தால் என்ன ஆகும் என்பதைப் புரிந்துகொள்ள செஞ்சிக் கோட்டையிலேயே ஒரு பழைய கதை இருக்கிறது. முதலில் அதைப் பார்த்துவிடுவோம்.

கடிதம் வரவில்லை... படையே பின்வாங்கியது

2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் 12 மராட்டியக் கோட்டைகள் இடம்பிடித்தன. 11 கோட்டைகள் மகாராஷ்டிராவில். தமிழ்நாட்டில் இருப்பது ஒன்றே ஒன்று, நம்ம செஞ்சி. சத்ரபதி சிவாஜியின் மகன் ராஜாராம் இங்கே தஞ்சம் புகுந்ததும், ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690 முதல் 1698 வரை கோட்டையை முற்றுகையிட்டதும் பலருக்குத் தெரிந்த வரலாறு.

அவ்வளவாகப் பேசப்படாத ஒன்று அந்த முற்றுகையின் நடுவே நடந்தது. 1692-ன் இறுதியில் மராட்டியத் தளபதிகள் சாந்தாஜி கோர்படேவும் தனாஜி ஜாதவும் வந்து சுற்றியிருந்த பாதைகளை அடைத்தார்கள். முகலாய முகாமுக்கு தானியம் வருவது நின்றது. கூடவே கடிதமும் நின்றது. பாதுஷா இருந்ததோ பல நூறு கிலோமீட்டர் தள்ளி, கிருஷ்ணா நதிக்கரை முகாமில். அங்கிருந்து ஒரு தகவலும் இல்லை.

உடனே கிளம்பியது வதந்தி: "பாதுஷா இறந்துட்டாராம்!"

முகாமில் இருந்த ஔரங்கசீப்பின் மகன் காம் பக்ஷ், அடுத்த அரியணைச் சண்டையில் தன் தலை தப்பவேண்டுமே என்று கோட்டைக்குள் இருந்த எதிரி ராஜாராமுடன் ரகசியமாகப் பேச ஆரம்பித்தார். விஷயம் தெரிந்த சுல்பிகர் கானும் அவரது தந்தை ஆசாத் கானும் இளவரசரையே கைது செய்தார்கள். கடைசியில் முகலாயப் படை முற்றுகையை விட்டுவிட்டு வந்தவாசிக்குப் பின்வாங்கியது. கோட்டையைப் பிடிக்க மேலும் 5 ஆண்டுகள் ஆயின. பாதுஷா? நல்லாத்தான் இருந்தார். 1707 வரை உயிரோடு இருந்தார்!

பீரங்கியால் முடியாததை ஒரு தகவல் துண்டிப்பு சாதித்தது. இந்தப் பாடத்தை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள், பின்னாளில் இந்தியாவை ஆண்ட பிரிட்டிஷார்.

ஒரு பாலும் ஒரு பல் வைத்தியமும்

1857 கிளர்ச்சி வெடித்தபோது அந்தச் செய்தி லண்டனுக்குப் போய்ச் சேர வாரக்கணக்கில் ஆனது. இந்தியாவுக்குள் தந்தி இருந்தது. ஆனால் கடலைத் தாண்டவில்லை. தந்திக் கம்பியைத் தண்ணீருக்குள் போட்டால் மின்சாரம் கசிந்துவிடும். அதுதான் சிக்கல். கல்கத்தாவில் ஓ'ஷாக்னஸி என்ற டாக்டர் 1839-லேயே ஹூக்ளி ஆற்றுக்குள் கம்பி போட்டுப் பார்த்தவர். ஆறு வேறு, ஆழ்கடல் வேறு.

விடை கிடைத்தது மலேயா காட்டில். அங்கே வளரும் ஒரு மரத்தின் பால், கட்டா பெர்ச்சா. ரப்பரின் தூரத்துச் சொந்தம் மாதிரி. சூடாக்கினால் மெழுகு போல வளையும், ஆறினால் இறுகும். கடல் தண்ணீரில் கெடாது, மின்சாரத்தையும் கசிய விடாது. சிங்கப்பூரில் இருந்த மாண்ட்கோமரி என்ற மருத்துவர் 1843-ல் இதை லண்டனுக்கு அனுப்பி வைத்தார். உலகக் கடல்களை எல்லாம் இணைத்த தந்திக் கேபிள்களின் மேல் பூச்சு இதுதான். பாலுக்காக மரத்தையே வெட்டிச் சாய்த்ததால், பல காடுகளில் அந்த மரம் ஏறக்குறைய காணாமல் போனது. உங்களுக்கு ரூட் கெனால் செய்திருந்தால், பல் வேரை அடைக்க டாக்டர் வைத்ததும் பெரும்பாலும் இதே கட்டா பெர்ச்சாதான்!

1858 ஆகஸ்டில் அட்லாண்டிக் கடலைக் கடந்து முதல் கேபிள் பேசியது. விக்டோரியா மகாராணி அனுப்பிய 98 வார்த்தை போய்ச் சேர சுமார் 16 மணி நேரம் பிடித்தது. மூன்று வாரத்தில் கேபிளே செத்துவிட்டது. ஆனால் சாவதற்கு முன் ஒரு வேலை செய்தது. இந்தியக் கிளர்ச்சியை அடக்க கனடாவில் இருந்து இரண்டு படைப்பிரிவுகள் கிளம்பத் தயாராக இருந்தன. "தேவையில்லை, அங்கேயே இருங்கள்" என்று லண்டனில் இருந்து கேபிளில் தகவல் போனது. இதில் மிச்சமானது சுமார் 50,000 பவுண்டு என்கிறார்கள். கேபிள் போட்ட பணம் எங்கே திரும்பும் என்று கேட்டவர்களுக்குக் கிடைத்த முதல் பதில் அது.

அடுத்து செங்கடல் வழியாக இந்தியாவுக்கு ஒரு கேபிள் போட்டார்கள். 1860-ஐ ஒட்டி அதுவும் படுத்துவிட்டது. லாபத்துக்கு அரசு உத்தரவாதம் கொடுத்திருந்ததால், வேலை செய்யாத கேபிளுக்கு பிரிட்டிஷ் கஜானா பல பத்தாண்டு பணம் கட்டியது. டெண்டர் கதைகள் அந்தக் காலத்திலும் அப்படித்தான்.

வெற்றி கிடைத்தது 1870-ல். ஜான் பெண்டர் என்ற மான்செஸ்டர் துணி வியாபாரி பணம் திரட்ட, 'கிரேட் ஈஸ்டர்ன்' என்ற ராட்சதக் கப்பல் பம்பாயில் இருந்து ஏடன் வரை கேபிளை இறக்கியது. வெயிலைத் தாங்க கப்பலுக்கு வெள்ளை பெயின்ட் அடித்திருந்தார்கள். அந்த ஜூன் மாதம் லண்டனும் இந்தியாவும் நேரடிக் கடல் வழியில் பேசின.

மெட்ராஸ் கரைக்கு வந்த முதல் பெரிய வடம்

1871-ல் மெட்ராஸில் இருந்து பினாங்கு, அங்கிருந்து சிங்கப்பூர் என்று கடலடி தந்திக் கேபிள் வேலை செய்யத் தொடங்கியது. பம்பாயில் கரையேறும் லண்டன் செய்தி தரைவழித் தந்தியில் மெட்ராஸ் வரும். இங்கே மறுபடி கடலுக்குள் இறங்கும். அதே ஆண்டு இன்னொரு கேபிள் ஜாவாவில் இருந்து ஆஸ்திரேலியாவின் டார்வின் வரை நீண்டது. ஐரோப்பாவுக்கும் கிழக்குக்கும் நடுவே மெட்ராஸ் ஒரு ஜங்ஷன் ஆனது.

அன்றைய வரைபடத்தையும் இன்றைய இணையக் கேபிள் வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாதை அவ்வளவாக மாறவே இல்லை. மேற்கே பம்பாய், செங்கடல், எகிப்து. கிழக்கே சென்னை, மலாக்கா ஜலசந்தி, சிங்கப்பூர். உள்ளே ஓடுவதுதான் மின்சாரத்தில் இருந்து வெளிச்சமாக மாறியிருக்கிறது.

நம்ம ஊரில் 'தந்தி வந்திருக்கு' என்றாலே வீட்டில் அழுகை தொடங்கிவிடும் காலம் ஒன்று இருந்தது. பர்மாவிலும் மலேயாவிலும் பிழைக்கப் போனவர்களின் குடும்பங்களுக்கு அந்த பயம் இன்னும் அதிகம். இந்தியாவில் தந்தி சேவை 2013 ஜூலையில்தான் மூடப்பட்டது.

'எம்டன்' மாட்டியது எப்படி?

"அவன் பெரிய எம்டன்டா!" இந்த வார்த்தையைக் கேட்காத தமிழர் இருக்க முடியாது. 1914 செப்டம்பர் 22 இரவு மெட்ராஸ் துறைமுகத்தைக் குண்டு வீசித் தாக்கி, எண்ணெய் டாங்குகளைக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன். ஊரே மூட்டை கட்டியது. பெயர் மட்டும் தமிழில் தங்கிவிட்டது.

அந்தக் கப்பலின் முடிவுக்குக் காரணம் கடலடி கேபிள் என்பது பலருக்குத் தெரியாது. உலகப் போர் தொடங்கியதுமே பிரிட்டன் செய்த முதல் வேலைகளில் ஒன்று, ஆங்கிலக் கால்வாயில் ஜெர்மனியின் கேபிள்களை வெட்டியது. பதிலுக்கு எம்டன் கப்பலும் இந்தியப் பெருங்கடலில் பிரிட்டனின் கேபிளை வெட்டப் போனது. 1914 நவம்பர் 9. கோகோஸ் தீவுகளில் ஒரு சின்னத் தீவில் கேபிள் நிலையம். சுமார் 50 பேர் படகில் இறங்கினார்கள்.

ஆனால் நிலைய ஊழியர்கள் உஷார். சந்தேகப்படும் கப்பல் ஒன்று வந்திருக்கிறது என்று, ஆட்கள் கரையேறும் முன்பே செய்தி அனுப்பிவிட்டார்கள். ஜெர்மானியர்கள் கருவிகளை உடைத்தார்கள், கம்பத்தைச் சாய்த்தார்கள், ஒரு கேபிளை வெட்டினார்கள். (கம்பம் எங்கள் டென்னிஸ் மைதானத்தின் மேல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஊழியர்கள் கேட்டுக்கொண்டதாகவும், அப்படியே செய்ததாகவும் ஒரு கதை உண்டு.) அதற்குள் பக்கத்தில் வந்துகொண்டிருந்த ஆஸ்திரேலியாவின் 'சிட்னி' போர்க்கப்பல் செய்தியைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தது. அன்றே எம்டன் கதை முடிந்தது.

இப்போ கடலுக்குள்ள என்ன இருக்கு?

தந்திக்கு அடுத்து தொலைபேசிக் கேபிள். 1980-களின் தொடக்கத்தில் மெட்ராஸ் - பினாங்கு இடையே ஒன்று போடப்பட்டது. ஒரே நேரத்தில் சில நூறு பேர் பேசலாம், அவ்வளவுதான். ட்ரங்க் கால் புக் பண்ணிட்டு எஸ்.டி.டி. பூத் வாசலில் காத்திருந்த தலைமுறைக்கு இது புரியும்.

கண்ணாடி இழைக் கேபிள் வந்த பிறகுதான் ஆட்டமே மாறியது. 2002-ல் சென்னை - சிங்கப்பூர் இடையே 'ஐ2ஐ' கேபிள், சுமார் 3,200 கி.மீ. 2004-ல் டாடாவின் கேபிள் அதே தடத்தில். 2005-ல் சிங்கப்பூரில் இருந்து பிரான்ஸ் வரை போகும் 'சீ-மீ-வீ 4' சென்னையையும் மும்பையையும் தொட்டது. 2006-ல் தூத்துக்குடியில் இருந்து கொழும்பு பக்கத்தில் உள்ள கல்கிசைக்கு ஒரு கேபிள். 2020 ஆகஸ்டில் சென்னை - அந்தமான் கேபிள், சுமார் 2,300 கி.மீ., செலவு 1,224 கோடி ரூபாய். அதுவரை அந்தமானில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் சாட்டிலைட்டை நம்பித்தான் ஊருக்குப் பேச வேண்டியிருந்தது. ஒரு போட்டோ அனுப்பவே திணறும்.

கேபிளை வெட்டிப் பார்த்தால் நடுவில் தலைமுடி போன்ற மெல்லிய கண்ணாடி இழைகள். அதைச் சுற்றி எஃகு, செம்பு, பிளாஸ்டிக் உறைகள். கண்ணாடியில் ஓடுவது வெளிச்சம். அப்போ செம்பு எதுக்கு? போகப் போக வெளிச்சம் மங்கும். அதை ஊக்கிவிட 60 முதல் 100 கி.மீ.க்கு ஒரு கருவி கடலடியில் இருக்கிறது. அந்தக் கருவிகளுக்கு மின்சாரம் கரையில் இருந்து இந்தச் செம்பு வழியாகப் போகிறது. ஆழ்கடலில் மெல்லிய கேபிள் போதும், அங்கே யாரும் வரமாட்டார்கள். கரைப் பக்கம் வந்தால் இரும்புக் கம்பிக் கவசம் போட்டுத் தடிமனாக்கி மண்ணுக்குள் புதைப்பார்கள்.

இப்போது நம்ம ராஜகிரி வீடியோ காலுக்கு வருவோம். உங்கள் போனில் இருந்து டவர். டவரில் இருந்து ரோட்டோரம் புதைத்த ஃபைபர் கேபிள். திண்டிவனம் பக்கமாகப் போனால் சென்னைக்கு சுமார் 150 கி.மீ. அங்கே கடற்கரையை ஒட்டிய நிலையம். ஐ2ஐ கேபிள் கரையேறும் இடம் சாந்தோம் பக்கம். அந்தப் பக்கம் கருவாடு காயும், பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள், காலுக்கடியில் உலகத்தின் போக்குவரத்து ஓடிக்கொண்டிருக்கும்.

கண்ணாடிக்குள் வெளிச்சம் நொடிக்கு சுமார் 2 லட்சம் கி.மீ. ஓடும். 3,200 கி.மீ.யைக் கடக்க 0.016 நொடி. கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவு. இதையே 36,000 கி.மீ. உயரத்தில் நிற்கும் சாட்டிலைட் வழியாக அனுப்பினால் ஏறி இறங்கவே கால் நொடி. அண்ணன் "பாத்து இறங்குடா" என்பதற்குள் நீங்கள் இரண்டு படி இறங்கியிருப்பீர்கள். ஸ்டார்லிங்க் போன்றவை தாழ்வாகப் பறப்பதால் தாமதம் குறைவு. ஆனால் அவையும் தரையிறங்கும் நிலையத்தில் ஃபைபர் கேபிளோடுதான் இணைகின்றன.

அறுந்தால் யார் ஒட்டுவது?

உலகம் முழுக்க ஆண்டுக்கு 150 முதல் 200 முறை கடலடி கேபிள்கள் பழுதாகின்றன. சுறா கடிப்பதாக வரும் வீடியோக்களை நம்பி பயப்பட வேண்டாம், அது ரொம்ப ரொம்பக் குறைவு. பெரும்பாலான பழுதுக்குக் காரணம் கப்பல் நங்கூரமும் மீன்பிடி வலையும். 2007-ல் வியட்நாமில் மீனவர்கள் பல கிலோமீட்டர் கேபிளை இழுத்துப் பழைய இரும்புக் கடைக்கு விற்கப் போனார்கள். நம்பித்தான் ஆகணும், உண்மைச் சம்பவம்.

2008 ஜனவரி 30. எகிப்தின் அலெக்சாண்ட்ரியா அருகே இரண்டு கேபிள்கள் அறுந்தன. எங்கேயோ எகிப்தில் நடந்ததற்கு சென்னை, பெங்களூரு கால் சென்டர்கள் திணறின. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையைப் புரட்டிப் போட்டபோது கடலடி கேபிள் ஒன்று சேதமடைந்து, இன்டர்நெட் வேகம் குறையலாம் என்று வாடிக்கையாளர்களுக்கு மெசேஜ் வந்தது நினைவிருக்கலாம். 2025 செப்டம்பரில் செங்கடலில் கேபிள்கள் அறுந்து ஆசியா, வளைகுடா பகுதிகளில் வேகம் சரிந்தது.

இருந்தும் நமக்கு முழு இருட்டு வரவில்லை. காரணம், ஒரு பாதை அடைபட்டால் தகவல் வேறு பாதையில் சுற்றிக்கொண்டு போகும். வெளிநாட்டோடு இணைக்க ஒரே ஒரு கேபிள் வைத்திருந்த டோங்கா தீவு நாட்டுக்கு அந்த வசதி இல்லை. 2022 ஜனவரியில் கடலடி எரிமலை வெடித்து அந்தக் கேபிள் அறுந்தது. சரியாக ஐந்து வாரம் ஆனது.

எப்படி ஒட்டுவார்கள்? கரையில் இருந்து கேபிளுக்குள் வெளிச்சத்தை அனுப்புவார்கள். அறுந்த இடத்தில் பட்டு அது திரும்பி வரும் நேரத்தை வைத்து எத்தனை கி.மீ.யில் பழுது என்று தெரிந்துவிடும். சிறப்புக் கப்பல் அங்கே போய் கொக்கி இறக்கி ஒரு முனையைத் தூக்கி மிதவையில் கட்டும். பிறகு மறுமுனையைத் தேடித் தூக்கும். நடுவில் புதுத் துண்டு வைத்து, முடி போன்ற இழைகளை ஒவ்வொன்றாக உருக்கி ஒட்டி, மறுபடி கடலில் விடுவார்கள். 1870-ல் செய்ததும் கிட்டத்தட்ட இதேதான், கொக்கி உட்பட.

சிக்கல் அந்தக் கப்பலில்தான். டிராய் கணக்குப்படி 2022 இறுதியில் இந்தியாவுக்கு 17 சர்வதேசக் கேபிள்கள், 14 கரையேற்று நிலையங்கள். அத்தனையும் மும்பை, சென்னை, கொச்சி, தூத்துக்குடி, திருவனந்தபுரம் என்ற 5 ஊர்களுக்குள். பழுது பார்க்க வெளிநாட்டுக் கப்பல்களையே நம்பியிருக்கிறோம் என்று 2023 ஜூனில் டிராய் சுட்டிக்காட்டியது. கப்பல் வரவேண்டும், பல துறைகளின் அனுமதி வேண்டும், வானிலை ஒத்துழைக்க வேண்டும். ஒட்டும் வேலையைவிடக் காத்திருப்பதற்கே அதிக நாள் போய்விடும். இவ்வளவு பெரிய ஐ.டி. நாட்டுக்குச் சொந்தமாக ஒரு கேபிள் கப்பல் இல்லாதது உறுத்தத்தான் செய்கிறது. புதுக் கேபிள்கள் வந்துகொண்டிருக்கின்றன. 'சீ-மீ-வீ 6' சென்னையிலும் மும்பையிலும் கரையேறிவிட்டது. கேபிள் கூடினால் பழுதும் கூடும்.

மீனவர்கள் தரப்பில் ஒரு கேள்வி நியாயமானது: "கேபிளில் வலை மாட்டினால் நாங்கள் என்ன செய்ய?" இழுவைமடி வலை பல லட்சம் பெறும். இதற்கு 1884 பாரிஸ் உடன்படிக்கையிலேயே பதில் உண்டு. ஐ.நா. கடல் சட்டத்திலும் அதே விதி இருக்கிறது. கேபிளைக் காப்பாற்றுவதற்காக வலையையோ நங்கூரத்தையோ அறுத்து விட்டதாக நிரூபித்தால், கேபிளின் சொந்தக்காரர் நஷ்ட ஈடு தரவேண்டும். முன்கூட்டியே தகுந்த கவனத்தோடு இருந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. படகில் இருந்தவர்களின் சாட்சியத்தோடு உடனே எழுதி வைத்து, கரை சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளிடம் சொல்ல வேண்டும் என்கிறது பாரிஸ் உடன்படிக்கை.

கடைசியாக ஒரு சந்தேகம். உங்கள் ஊரில் நெட் ஸ்லோவானால் அதற்கும் கடல்தான் காரணமா? உள்நாட்டு ஆப்கள் நன்றாக ஓடி, வெளிநாட்டு கால்களும் தளங்களும் மட்டும் இழுத்தால் கடல் பக்கம் சந்தேகப்படலாம். எல்லாமே சேர்ந்து நின்றுவிட்டால், பெரும்பாலும் உங்கள் ரோட்டில் எங்கேயோ ஜே.சி.பி. பள்ளம் தோண்டிக்கொண்டிருக்கும்.